சார்லி மரியானோவின் நாயனம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

உலக இசை பற்றிய உங்கள் குறிப்பில், நாகஸ்வரமும் ஊதிய அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோவின் பெயரைப் பார்த்து, அவர் வாசித்திருக்கும், ஜெர்மானிய பாஸ் (தாழ்ந்த ஸ்வரங்களுக்கான தந்தி வாத்தியம்) கலைஞர் எபர்ஹார்ட் வெபரின் ‘யெல்லோ ஃபீல்ட்ஸ்’ ஆல்பத்தைத் தேடிக் கேட்டேன். என் தாத்தா தவில் வாசித்தவர். நாயனம் கேட்டே வளர்ந்தவன் நான். மரியானோ ஊதும் நாயனத்தில் ராகம் பிடிபடவில்லை, ஸ்வரத்தை அசைத்து வளைக்கும் கமகமும் ஒட்டவில்லை. கறிவேப்பிலை மாதிரி வாசனைக்குப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் பட்டது. நம் கத்ரி கோபால்நாத் சாக்ஸபோனையே கர்நாடக இசைக்கு வளைத்துக் காட்டியவர். அவரோடு வைத்துப் பார்த்தால் இவர் சாதித்தது என்ன? வெள்ளைக்காரர் நம் வாத்தியத்தைத் தொட்டுவிட்டார் என்பதற்காகவே கொண்டாடுகிறோமோ?

கே.,
திருவாரூர்

அன்புள்ள கே.,

உங்கள் எரிச்சலில் பாதி நியாயம் இருக்கிறது. 1975இல் பதிவான ‘யெல்லோ ஃபீல்ட்ஸ்’ மட்டுமல்ல, எம்ப்ரியோ என்ற ஜெர்மானியக் குழுவோடு அவர் செய்து 1973இல் வெளிவந்த ‘வி கீப் ஆன்’ ஆல்பத்திலும் நாகஸ்வரம் ஊதியிருக்கிறார். இரண்டிலும் எனக்கு உறுத்துவது கமகத்தைவிட, பக்கத்தில் தவில் இல்லாதது. உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நாயனக்காரர் ஒரு சங்கதியை இழுத்துவிட்டு மூச்சு வாங்கும் இடத்தைத் தவில்தான் நிரப்பும், அடுத்த வரியை எடுத்துக்கொடுக்கும். அந்த இடத்தில் டிரம்ஸும் எலெக்ட்ரிக் கீபோர்டும் வந்தால் வாத்தியம் துணையில்லாமல் நிற்கிறது.

வாத்தியம் படுத்தும் பாடும் சாமானியமானதல்ல. சாக்ஸபோனில் விரல் விசையை அழுத்தினால் மூடி துளையை அடைத்துவிடும், ஸ்வரம் கிட்டத்தட்டத் தானே வந்து நிற்கும். நாகஸ்வரத்தில் விசையே கிடையாது. ஏழு துளை, வெறும் விரல். பாதி மூடுவதும் கால்வாசி திறப்பதும், சீவாளியை (வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டு) உதட்டில் எவ்வளவு கவ்வுவது, காற்றை எவ்வளவு கொடுப்பது என்பதும்தான் ஸ்வரத்தைத் தீர்மானிக்கின்றன. குழந்தையிலிருந்து ஊதுபவர்களுக்கே தண்ணி காட்டும் வாத்தியத்தை நாற்பது வயதுக்கு மேல் எடுத்தவர் மரியானோ. நாகஸ்வர வித்வானாக அவரை அளந்தால் தேறமாட்டார். அப்படி அளக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

அவர் 1923இல் பாஸ்டனில், இத்தாலியிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். ஜாஸ் சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கரின் பாதிப்பில் ஆல்டோ சாக்ஸபோன் வாசிக்க வந்த தலைமுறை. ஸ்டான் கென்டனின் பெரிய வாத்தியக் குழுவில் இருந்தார். ஜாஸ் பாஸ் கலைஞர் சார்லஸ் மிங்கஸின் 1963ஆம் ஆண்டுப் பதிவான ‘தி பிளாக் செயின்ட் அண்ட் தி சின்னர் லேடி’யில் அவருடைய ஆல்டோ பின்னணிக் கூச்சலையெல்லாம் கிழித்துக்கொண்டு மேலே வரும். ஒப்பாரிக்குப் பக்கத்தில் போய் நிற்கிற குரல் அது. அறுபதுகளின் பிற்பகுதியில் வேலையாக மலேசியா போனபோதுதான் அங்குள்ள தமிழர்களின் நாகஸ்வரம் அவர் காதில் விழுந்தது. பிறகு தென்னிந்தியாவுக்கே வந்து கற்றுக்கொண்டார். எழுபதுகளில் ஐரோப்பாவில் தங்கிவிட்டார். 2009இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் காலமானார்.

ஆகவே அந்த அழுகையை நாயனம் அவருக்குக் கற்றுத்தரவில்லை, அது மிங்கஸ் காலத்திலேயே இருந்தது. நாயனத்திடம் அவர் படித்தது வேறு. பீபாப் என்ற வேகமான ஜாஸ் பாணியில் கார்டுகள் (chords, ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள்) மாறிக்கொண்டே இருக்கும், வாசிப்பவர் அவற்றின் பின்னால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நாயனத்துக்குச் சுருதி பிடிக்கும் ஒத்து விடாமல் ஒலிக்கும்போது அந்த ஓட்டத்துக்கு வேலையில்லை. ஒரே ஸ்வரத்தில் நின்று, அதை அசைத்து, அதன் ஓரங்களைத் தொட்டுத் திரும்ப வேண்டும். ஓட்டத்தில் பேர் வாங்கிய மனிதர் ஐம்பது வயதையொட்டி நிற்கப் பழகினார்.

இதற்குச் சாட்சி நீங்கள் கேட்ட ஆல்பத்தில் இல்லை. 1983இல் இசிஎம் என்ற இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட ‘ஜோதி’யில் இருக்கிறது. பெங்களூரின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழுவோடு செய்தது. டி.ஏ.எஸ். மணி மிருதங்கம், ஆர்.ஏ. ராஜகோபால் கடமும் மோர்சிங்கும், டி.என். சசிகுமார் கஞ்சிரா, மணியின் மனைவி ஆர்.ஏ. ரமாமணி குரல். மரியானோ வாசிப்பது சாக்ஸபோனும் புல்லாங்குழலும். கர்நாடக இசைக்கு மிக அருகில் வந்த இந்தப் பதிவில் நாகஸ்வரத்தை அவர் கையிலேயே எடுக்கவில்லை! அட்டையில் முதல் பெயர் அவருடையது, ஆனால் ஆல்பம் ரமாமணியின் தனிக்குரலில்தான் தொடங்குகிறது. சட்டங்களைப் போடுவது பெங்களூர்க் குழு, வந்தவர் அதற்குள் தன் இடத்தைத் தேடுகிறார். குரல் ஒரு வரியைப் பாடிவிட்டு விடும்போது சாக்ஸபோன் அதே வரியை அப்படியே நகலெடுக்காமல், கடைசி ஸ்வரத்தை மட்டும் வாங்கி நீட்டுவதைக் கவனியுங்கள். விசைகள் தராத வளைவை உதட்டால் வாங்குகிறார். சீவாளியில் பட்ட பாடு வீண்போகவில்லை. எழுபதுகளில் வந்த ஃப்யூஷன் (கலப்பிசை) ஆல்பங்களில் நூற்றுக்குத் தொண்ணூறில் தம்புராவும் தபலாவும் வாசலில் நிற்கும் தோரணம்தான் என்பது என் அபிப்பிராயம். ‘ஜோதி’ அந்த ரகம் இல்லை.

கத்ரியோடு ஒப்பிடுவது சுவாரசியம்தான், ஆனால் இருவரும் எதிரெதிர்த் திசையில் நடந்தவர்கள். கத்ரி நாகஸ்வரக்காரரின் மகன். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கி, கமகம் பேசுவதற்காக வாத்தியத்தையே திருத்திக்கொண்டவர். அவர் சாக்ஸபோன் வாசித்த ‘டூயட்’ படம் வந்த 1994க்குப் பிறகு தமிழ்நாட்டில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. அவருடைய சாக்ஸபோன் கர்நாடக இசை பேசியாக வேண்டும் என்று எதிர்பார்த்தோம், அது பேசியது. மரியானோ கடைசிவரை ஜாஸ்காரர். அவரிடம் கல்யாணி ராகத்தை எதிர்பார்ப்பது கத்ரியிடம் ப்ளூஸ் கேட்பது போலத்தான்.

அவருடைய பயணம் தெற்கோடு முடியவும் இல்லை. லெபனானைச் சேர்ந்த ஊது கலைஞர் ரபி அபூ கலீலின் ‘ப்ளூ கேமல்’ (1992) ஆல்பத்தில் நம் ராகங்களைப் போன்ற அரபு மகாம்களுக்கு நடுவே வாசிக்கிறார். அதில் தாளவாத்தியம் வாசிக்கும் ரமேஷ் ஷோத்தம் சென்னைக்காரர், தவிலும் படித்தவர். ஊது என்பது வீணை மாதிரி மீட்டும் தந்தி வாத்தியம், பெயரைப் பார்த்துக் குழல் என்று நினைத்துவிடாதீர்கள்.

முதலில் மிங்கஸ், அப்புறம் ‘ஜோதி’, அடுத்து ‘ப்ளூ கேமல்’ என்று போங்கள். ‘யெல்லோ ஃபீல்ட்ஸ்’ கடைசியில் இருக்கட்டும். அப்போதும் அந்த நாயனம் ஒட்டவில்லை என்றால் நான் சண்டைக்கு வரமாட்டேன். வெபரின் பாஸுக்காக மட்டும் கொஞ்சம் வாதாடுவேன்.