புது லேப்டாப் பேட்டரி 60 சதவீதம் இருக்கும்போதே அணைந்துவிடுகிறது. காலிபரேஷன் செய்தால் சரியாகுமா?

கேள்வி கேட்டவர் மன்னார்குடிக்காரர். ஆன்லைனில் வாங்கிய 6 செல் மாற்று பேட்டரி, லேபிளில் 11.1 வோல்ட், கொள்ளளவு 4400 எம்ஏஎச். 100லிருந்து 60 வரை ஒழுங்காக இறங்கி, பட்டென்று அணைகிறது. அடாப்டரைச் செருகினால் 58 காட்டுகிறது. விற்றவர் "நாலு தடவை ஃபுல்லா இறக்கி ஏத்துங்க, செட் ஆயிடும்" என்கிறாராம். இப்படி முழுதாக இறக்கி ஏற்றி, சதவீதக் கணக்கைச் சரிசெய்வதுதான் காலிபரேஷன்.

ஆகலாம், ஆகாமலும் போகலாம். எது என்று ஒரே மாலையில் தெரிந்துகொள்ள முடியும். நாலு தடவை இறக்கி ஏற்றுவதற்குள் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்துவிடும். அதனால் முதலில் அளவு பாருங்கள், காலிபரேஷன் அப்புறம்.

திரையில் தெரியும் சதவீதம் நேரடி அளவு அல்ல, கணக்கு. பேட்டரிக்குள் இருக்கும் ஒரு சிப், உள்ளே போகிற, வெளியே வருகிற மின்னோட்டத்தைக் கூட்டிக் கழித்து, தன் நினைவில் உள்ள முழுக் கொள்ளளவால் வகுத்துச் சொல்கிறது. அந்தக் கொள்ளளவு தொழிற்சாலையில் எழுதியது. பேட்டரி முழுதாக நிரம்பி, பிறகு அடிமட்டம் வரை இறங்கினால்தான் சிப் அதைத் திருத்திக்கொள்ளும். கரண்ட் எப்போது போகுமோ என்று நாள் முழுக்கச் செருகியே வைத்திருக்கும் நம் ஊர் வழக்கத்தில் அந்த வாய்ப்பு அதற்குக் கிடைப்பதே இல்லை.

விண்டோஸ் என்றால் 'பேட்டரி இன்ஃபோ வியூ' என்ற இலவச மென்பொருள் போதும். முழு கொள்ளளவு, டிசைன் கொள்ளளவு (புதிதில் இருக்க வேண்டியது), இப்போதைய வோல்டேஜ், எத்தனை வாட் செலவாகிறது, எல்லாம் காட்டும்; நீங்கள் வைக்கும் இடைவெளியில் பதிவும் செய்யும். லினக்ஸில் யூபவர் கட்டளை இதே எண்களைத் தரும். முழுதாக ஏற்றி, அடாப்டரைப் பிடுங்கி, ஒரு வீடியோவை ஓடவிட்டு அணையும் வரை விடுங்கள். பிறகு பதிவின் கடைசி வரிகளைப் பாருங்கள்.

60 சதவீதம் காட்டும்போதே வோல்டேஜ் 9.5 பக்கம் வந்துவிட்டதா? செல்கள் உண்மையிலேயே காலி, சிப்புக்குத்தான் தெரியவில்லை. இங்கே ஒரு கணக்குப் போடுங்கள். 11.1ஐ 4.4ஆல் பெருக்கினால் சுமார் 49 வாட் அவர், அதாவது பேட்டரி தர வேண்டிய மொத்த ஆற்றல். சராசரி 12 வாட் செலவில் 1 மணி 40 நிமிடம் ஓடியது என்றால் நீங்கள் பெற்றது 20 வாட் அவர்தான். காலிபரேஷன் செய்தால் சதவீதம் ஒழுங்காக இறங்கும், ஓடும் நேரம் அதே 1 மணி 40 நிமிடம்தான். திருப்பிக் கொடுங்கள்.

வோல்டேஜ் 11க்குப் பக்கத்தில் இருக்கும்போதே விழுந்ததா? 6 செல் பேட்டரி என்பது இரண்டிரண்டாகச் சேர்த்த மூன்று ஜோடிகள் வரிசையாக நிற்பது. இரண்டு ஜோடி 3.9 வோல்ட்டிலும் ஒன்று 3 வோல்ட்டிலும் இருந்தால் மொத்தம் 10.8. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பாதுகாப்புச் சுற்று ஒவ்வொரு ஜோடியையும் தனித்தனியாகப் பார்ப்பதால், தளர்ந்த ஜோடிக்காக மொத்தத்தையும் துண்டித்துவிடும். எத்தனை தடவை இறக்கி ஏற்றினாலும் இது சரியாகாது. ஆனாலும் பேட்டரியைக் குறை சொல்லும் முன் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்க உப்புக் காற்றில் பின்களில் பச்சை பூத்திருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துக் காயவிட்டு மறுபடி சோதியுங்கள்.

மூன்றாவது வகை நேர் எதிர்: வோல்டேஜ் 11.5 இருக்கும்போதே சதவீதம் 5க்குச் சரிந்து, விண்டோஸ் தானே ஹைபர்னேட் ஆகிறது, அதாவது திறந்திருப்பதைச் சேமித்துவிட்டு அணைகிறது. காலிபரேஷனால் உண்மையான பலன் கிடைப்பது இதில்தான்.

அதைச் செய்யும் முறை: 100 வரை ஏற்றி, அதன் பிறகும் 2 மணி நேரம் செருகியே விடுங்கள். பிறகு அடாப்டரைப் பிடுங்கி, பயாஸ் அமைப்புத் திரைக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரை) போய் அப்படியே விட்டுவிடுங்கள். அங்கே ஸ்லீப்பும் ஹைபர்னேட்டும் குறுக்கே வராது. மெத்தை மேல் வேண்டாம், மேஜை மேல். அணைந்ததும் 4, 5 மணி நேரம் ஆறவிட்டு, அணைத்த நிலையிலேயே இடையில் நிறுத்தாமல் முழுதாக ஏற்றுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை முதல் மாலை வரை மின்தடை அறிவிக்கும் நாளை இறக்குவதற்கும் ஆறவிடுவதற்கும் வைத்துக்கொண்டால், மாலை கரண்ட் வந்ததும் ஏற்றலாம். ஏற்றும்போது கரண்ட் போகும் என்றால் இன்வெர்ட்டர் லைனில் செருகுங்கள். 65 வாட் அடாப்டரை அது தாங்கும். இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம். அடிமட்டம் வரை இறக்குவது செல்லுக்குத் தேய்மானம்.

கோளாறு போலத் தெரிந்தும் கோளாறு அல்லாதவை இரண்டு. 60லோ 80லோ ஏறாமல் நின்றால், லெனோவோவின் கன்சர்வேஷன் மோட், ஏசுஸின் பேட்டரி ஹெல்த் சார்ஜிங் போன்ற அமைப்பு போட்டிருக்கிறதா பாருங்கள். அக்னி நட்சத்திர மதியத்தில் ஏறவில்லை என்றால் சூடு காரணமாக இருக்கலாம். செல் சூடு ஏறத்தாழ 45 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலான பேட்டரிகள் சார்ஜை நிறுத்திவிடும்.

லேபிளையும் நம்ப வேண்டாம். இந்த வகைப் பேட்டரிக்குள் இருக்கும் 18650 என்ற உருளை செல், நல்லதே ஒன்று 3500 எம்ஏஎச் சுற்றித்தான். 6 செல்லில் 7800 என்று போட்டிருந்தால், ஜோடிக்கு இரண்டு செல் என்பதால் செல்லுக்கு 3900 ஆகிறது. அது 9 செல் பேட்டரிக்கு எழுத வேண்டிய எண். வாங்கிப் பல வாரம் ஓட்டிய பிறகும் சார்ஜ் சுற்று (எத்தனை தடவை ஏற்றி இறக்கியது என்ற எண்ணிக்கை) 0, முழு கொள்ளளவும் டிசைன் கொள்ளளவும் அச்சு அசலாக ஒன்றே என்றால், அந்தச் சிப் பெரும்பாலும் எதையும் கற்றுக்கொள்ளாத மலிவு ரகம்.

பழைய பேட்டரியைத் திறந்து செல் மட்டும் மாற்றித் தருகிறோம் என்று யாராவது சொன்னால், சிப்பையும் ரீசெட் செய்வார்களா என்று கேளுங்கள். செல்லைக் கழற்றியதும் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும் சிப்புகள் உண்டு. டச்பேட் லேசாக மேலெழும்பினாலோ அடி மூடி பொருந்தாமல் நின்றாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. அப்போது மேலே சொன்ன எந்தச் சோதனையும் செய்யாமல், சார்ஜ் ஏற்றாமல், கழற்றி வெளியே வையுங்கள். குத்தவோ குப்பையில் போடவோ வேண்டாம்.