அகதியாகப் போனவர் குடிவரவுச் சட்டத்தரணியாக வர முடியுமா?

"அகதியாக வெளிநாடு போன ஒருவர் அங்கேயே சட்டம் படித்து குடிவரவுச் சட்டத்தரணியாக வர முடியுமா? யாழ்ப்பாணத்திலிருந்து போய் அப்படி வந்தவர்கள் யாரும் இருக்கிறார்களா?" என்று உயர்தரம் படிக்கும் தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார்.

முடியும். என் பெரியம்மாவின் மகள் அப்படி வந்தவர்தான். கனடாவில், ஸ்காபரோப் பக்கம் அலுவலகம் வைத்திருக்கிறார். பெயர் போடுவதில் அவருக்கு விருப்பமில்லை, அதனால் அக்கா என்றே எழுதுகிறேன். நான் யாழ்ப்பாணம் கச்சேரிக்குப் பக்கத்தில் தட்டச்சு, போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். பிள்ளைகள் வெளிநாட்டில் அகதி வழக்குப் போட்டிருக்க, தாய் தகப்பன் ஆவணங்களைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வருவார்கள். அக்காவின் தொழிலை நான் பார்ப்பது இந்தப் பக்கத்திலிருந்துதான்.

1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வின்போது அக்கா சாதாரண தரத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். எல்லோரையும் போல அவர்களும் தென்மராட்சிக்குப் போய், 1996இல் கோண்டாவிலுக்குத் திரும்பி வந்தார்கள். அந்த வருடம் அக்காவின் அண்ணாவை ஆமி சென்றியில் மறித்துக் கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு தகவல் இல்லை. 1996 என்றால் எங்கள் ஊரில் எத்தனை வீட்டில் இதே கதை என்று யாழ்ப்பாணத்தவருக்குச் சொல்லத் தேவையில்லை. பெரியம்மா முகாம் முகாமாக அலைந்தார். செஞ்சிலுவைச் சங்கத்தில் பதிந்தார். பதிந்த துண்டைப் பொலித்தீன் பையில் சுற்றி, காணி உறுதியோடு சேர்த்து வைத்தார். பிறகு அக்காவையும் விசாரணைக்குக் கூப்பிடத் தொடங்கினார்கள். உயர்தரம் எடுத்த கையோடு அவரை அனுப்பிவிட்டார்கள். அப்போது தரைவழி இல்லை. அனுமதி எடுத்து, கப்பலில் திருகோணமலை, அங்கிருந்து கொழும்பு, கொட்டாஞ்சேனையில் லொட்ஜ், அப்புறம் ஏஜென்சிக்காரர் காட்டிய வழி. அந்தப் பயணத்தைப் பற்றி அக்கா அதிகம் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை.

2001இல் கனடாவில் அவருடைய அகதி வழக்கு விசாரணை நடந்தது. அவர் சட்டத்தரணியாக வந்ததற்கு விதை அந்த அறையில்தான் விழுந்தது என்று நினைக்கிறேன். வழக்குப் படிவத்தில் அண்ணாவைப் பிடித்த மாதம் ஜூலை என்று இருந்தது. விசாரணையில் கேட்டபோது அக்கா, "நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முதல் கிழமை, ஓகஸ்ட்" என்று சொன்னார். எது சரி என்று திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். நடந்தது இதுதான்: படிவம் நிரப்ப உதவியவரிடமும் அக்கா கொடியேற்றக் கணக்கில்தான் சொல்லியிருந்தார். அவர் தன் பாட்டுக்கு ஜூலை என்று போட்டுவிட்டார். நல்லூர்த் தீர்த்தம் ஆவணி அமாவாசையில் வரும், திருவிழா 25 நாள். அதைப் பின்னால் எண்ணினால்தான் கொடியேற்ற நாள் கிடைக்கும், வருடத்துக்கு வருடம் மாறும். 1996இல் அது பிந்தி வந்தது. படிவத்தை யாரும் அக்காவுக்கு வாசித்துக் காட்டியிருக்கவில்லை. கடைசியில் பெரியம்மாவின் துண்டில் இருந்த திகதி ஓகஸ்டைக் காட்டியது, வழக்கு வென்றது. அந்தத் துண்டு இல்லாவிட்டால் உண்மை சொன்ன பிள்ளையைப் பொய்க்காரி என்று எழுதித் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

அந்த விசாரணை என்ற ஒன்றே சும்மா கிடைத்ததில்லை. 1985 வரை கனடாவில் அகதிக் கோரிக்கையாளரை முடிவெடுப்பவர்கள் நேரில் கேட்காமலே, அதிகாரி எடுத்த வாக்குமூலத்தின் எழுத்துப் பிரதியைப் பார்த்து வழக்கைத் தள்ளலாம். அந்த வருடம் ஏப்ரல் 4ஆம் திகதி சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அது சரியில்லை என்றது. ஒருவர் பொய் சொல்கிறாரா என்பது கேள்வியாக இருந்தால், அவரை நேரில் வைத்துக் கேட்க வேண்டும் என்று ஆயிற்று. அடுத்த வருடம், 1986 ஓகஸ்டில், நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த எங்கள் ஆட்கள் 155 பேரை மீனவர்கள் காப்பாற்றினார்கள். எங்கள் சமூகம் அங்கே வேரூன்றியதில் அந்தத் தீர்ப்புக்கும் பங்கு உண்டு என்று அக்கா அடிக்கடி சொல்வார். வழக்குப் போட்டவர்களில் பெரும்பாலானவர்கள் சீக்கியர்கள். அவர்கள் பட்ட பாட்டின் பலன் கோண்டாவில் பிள்ளைக்கும் கிடைத்திருக்கிறது.

படிப்புக்கு வருகிறேன். வழக்கு வென்றதும் நேரே பல்கலைக்கழகம் போக முடியவில்லை. ஏஜென்சிக் கடன் இருந்தது. தொழிற்சாலை, கோப்பிக்கடை, பிறகு ஒரு சட்டத்தரணி அலுவலகத்தில் தமிழ் ஆட்களுக்கு மொழிபெயர்ப்பு. அங்கேயே எழுதுவினைஞரானார். இரவில் படித்துப் பட்டப்படிப்பில் சேர்ந்தார். ஒன்ராறியோவில் சட்டக் கல்லூரிக்குப் பெரும்பாலும் ஒரு பட்டம் வேண்டும், எல்சாட் என்ற நுழைவுப் பரீட்சை வேண்டும். அதன் பிறகு மூன்று வருடச் சட்டப் படிப்பு, மூத்த சட்டத்தரணி ஒருவருக்குக் கீழே பயிற்சி, இரண்டு உரிமப் பரீட்சை. 2012இல் சத்தியப் பிரமாணம் எடுத்தபோது அவருக்கு முப்பது தாண்டிவிட்டது. பெரியம்மா அன்று ஊரில் பொங்கல் வைத்தார்.

குடியுரிமை இல்லாமல் சட்டத்தரணியாகலாமா என்பது நிறையப் பேருக்கு இருக்கும் சந்தேகம். 1989இல் ஆன்ட்ரூஸ் வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம், சட்டத்தரணியாகக் குடியுரிமை வேண்டும் என்ற பிரிட்டிஷ் கொலம்பியா விதியை நீக்கியது. நிரந்தர வதிவுரிமையோடும் தொழில் செய்யலாம். சட்டத்தை மாற்றிய ஆன்ட்ரூஸும் வெளியிலிருந்து வந்தவர்தான், பிரித்தானியர்.

அக்காவின் வேலை எப்படி இருக்கும் என்பதை ஒரு நாள் கடையில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். வடமராட்சியிலிருந்து ஒரு அம்மா வந்தார். சொப்பிங் பை நிறையக் கடதாசி. கிராம அலுவலர் கடிதம், சமாதான நீதவான் கடிதம், கோயில் தலைவர் கடிதம், மனித உரிமை ஆணைக்குழுவில் கொடுத்த முறைப்பாட்டின் பிரதி. அக்கா வட்ஸ்அப்பில் இருந்தார். ஒவ்வொன்றையும் கமராவில் காட்டச் சொன்னார். முதல் மூன்று கடிதத்திலும் பந்தி கூட மாறாமல் ஒரே வசனம். யாரோ எழுதிக் கொடுத்ததில் மூவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். "அம்மா, இதை நான் குடுக்க மாட்டன். அங்க இருக்கிறவை இப்பிடிக் கடிதம் நூற்றுக்கணக்கில பாத்தவை. கோயில் தலைவர் தன்ர கண்ணால என்ன கண்டவர்? அதை மட்டும் தன்ர பாசையில எழுதட்டும், நாலு வரி காணும்" என்றார். பிறகு முறைப்பாட்டுப் பிரதியைப் பார்த்து, "தம்பி, பின்பக்கத்தைத் திருப்பு" என்றார். பின்பக்கத்தில் மங்கலாக ஒரு முத்திரை, அதில் திகதி. அந்த அம்மாவுக்கே அது தெரியாது. "இதுதான் வேணும். ரெண்டு பக்கமும் கலரில ஸ்கான் பண்ணு."

அக்காவின் அலுவலக அலுமாரியில் பழைய வாக்கிய பஞ்சாங்கங்கள் ஒரு வரிசை இருக்கின்றன. இல்லாத வருடத்துப் பக்கங்களை நான் இங்கே தேடிப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். கட்சிக்காரர் "கடைசிப் பங்குனித் திங்களுக்கு அடுத்த நாள் வந்தாங்கள்" என்று சொன்னால், பஞ்சாங்கத்தைப் புரட்டித் திகதியைக் கண்டுபிடித்து, அவருக்கே வாசித்துக் காட்டி, சரியென்று அவர் தலையாட்டிய பிறகுதான் படிவத்தில் ஏறும். எங்கள் ஆட்கள் காலத்தைத் திருவிழாவாலும் இடப்பெயர்வாலும் நினைவு வைத்திருப்பவர்கள். அது பொய்யர்களின் குணம் இல்லை என்பதை விசாரணை அறையில் இருப்பவர்களுக்கு விளங்கப்படுத்த, அப்படி நினைவு வைத்திருக்கும் ஒருவராலேயே முடியும். அகதியாக இருந்தவர் நல்ல சட்டத்தரணியாக இருப்பதற்கு இரக்கம் மட்டும் காரணம் இல்லை என்று நான் சொல்வது இதனால்தான். எந்தக் கேள்வியை எப்படிக் கேட்க வேண்டும், எங்கே ஒரு பெண் பேச்சை நிறுத்துவாள், ஏன் நிறுத்துவாள் என்பது அவருக்குத் தெரியும்.

நேரமும் பெரிய எதிரி. அவர் தொழில் தொடங்கிய 2012 டிசம்பரில் சட்டம் மாறியது. விமான நிலையத்தில் கோரிக்கை வைத்தவர் 15 நாளில் படிவம் கொடுக்க வேண்டும் என்று வந்தது. முன்பு 28 நாள் இருந்தது. ஆவணங்கள் விசாரணைக்கு 10 நாளுக்கு முன்பே போய்ச் சேர வேண்டும். இங்கே கிராம அலுவலர் லீவில் நின்றால் அங்கே ஒரு வழக்கு ஆடும்.

2010இல் எங்கள் ஆட்கள் 492 பேரோடு சன் சீ கப்பல் கனடா போனபோது அக்கா சட்ட மாணவி. மாதக்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டவர்கள் பிறகு ரொறன்ரோப் பக்கம் வந்து, வருடக்கணக்கில் வழக்காடினார்கள். அவர்களில் சிலருக்கு மொழிபெயர்த்த காலத்தில்தான் இந்தத் துறையை விடுவதில்லை என்று முடிவெடுத்ததாகச் சொன்னார்.

இந்தத் தொழிலில் கஷ்டமான பகுதி வேறு. 2022 நெருக்கடிக்குப் பிறகு விசிட்டர் விசாவில் போய் வழக்குப் போடலாமா என்று கேட்டு என் கடைக்கே எத்தனையோ பேர் வந்தார்கள். காணியை ஈடு வைத்தவர்களும் உண்டு. அகதிச் சாசனம் 1951இல் சொன்ன காரணங்கள் ஐந்து: இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழு, அரசியல் கருத்து. கடனும் விலைவாசியும் அதில் இல்லை. அக்கா அதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார், சொந்தக்காரருக்கும்தான். எங்கள் குடும்பத்திலேயே ஒரு வீடு அவரோடு பேசுவதில்லை. நான் அக்கா பக்கம். இல்லாத கதையைக் கட்டிப் போகிற ஒவ்வொரு வழக்கும், உண்மையில் பிள்ளையைப் பறிகொடுத்து வருகிற தாயின் வார்த்தையை நம்பாமல் பண்ணுகிறது.

காசு கட்டுவதற்கு முன் இன்னொன்று. கனடாவில் பணம் வாங்கிக்கொண்டு குடிவரவு ஆலோசனை சொல்லச் சட்டச் சங்க உரிமம் உள்ளவர்களுக்கும், பதிவுபெற்ற ஆலோசகர்களுக்கும், கியூபெக் நொத்தாரிசுகளுக்கும்தான் உரிமை உண்டு. அவர்களின் பெயர்ப் பட்டியல் இணையத்தில் இருக்கிறது. ஒன்ராறியோவில் வசதியில்லாதவர்கள் சட்ட உதவிக்கு விண்ணப்பித்தால், தகுதி இருந்தால் சட்டத்தரணிக்கு அந்தச் சட்ட உதவி அமைப்பே பணம் கட்டும்.

தங்கைக்கு: நீங்கள் அகதியாகப் போய்த்தான் இதைப் படிக்க வேண்டும் என்றில்லை. இங்கே சட்டம் படித்துச் சட்டத்தரணியானவர் கனடா போனால், என்.சி.ஏ. என்ற குழு அவருடைய படிப்பை மதிப்பிட்டு என்னென்ன பாடம் எழுத வேண்டும் என்று சொல்லும். எங்கள் நாட்டில் ரோமன் டச்சுச் சட்டமும் தேசவழமையும் கலந்திருப்பதால் சில பாடங்கள் புதிதாக எழுத வேண்டி வரும். பிறகு உரிமப் பரீட்சையும் பயிற்சியும். அதற்கு முன் இந்தத் துறை பிடிக்கிறதா என்று பார்க்க ஆசையாக இருந்தால், கன்லீ என்ற தளத்தில் கனடாத் தீர்ப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. சிங் வழக்கில் தொடங்குங்கள், அடுத்து 2002இல் வந்த சுரேஷ் வழக்கு. சித்திரவதை காத்திருக்கும் நாட்டுக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பலாமா என்று எங்கள் ஆள் ஒருவரை வைத்தே பேசிய தீர்ப்பு அது. ஆங்கிலம் முதலில் கடினமாக இருக்கும், அகராதியோடு மெதுவாகப் படியுங்கள். விளங்காத இடத்தைக் கீழே கேட்டால், அக்காவிடம் கேட்டுப் பதில் போடுகிறேன்.