எஃப்2 அழுத்தினாலும் பயாஸ் திறக்காமல் நேராக விண்டோஸ் வருகிறது. பென்டிரைவிலிருந்து விண்டோஸ் போட வேண்டும், என்ன செய்யலாம்?

முதலில், மதர்போர்டு போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். கிருஷ்ணகிரியில் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடி கணினியைத் துவக்கும் புரோகிராமின் செட்டிங்ஸ் திரை, வரவில்லை என்று வரும் கணினிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஸ்க்ரூ டிரைவரையே எடுக்க வேண்டியிருக்காது.

விண்டோஸ் 8-லிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது. அது ஆனில் இருந்தால் ஷட் டவுன் கொடுத்தாலும் கணினி முழுசாக அணையாது. விண்டோஸின் ஒரு பகுதியை டிஸ்கில் எழுதி வைத்துக்கொண்டு படுத்துவிடும். பவர் பட்டனைத் தொட்டதும் எழுந்து ஓடிவிடும், நீங்கள் எஃப்2-வைத் தேடுவதற்குள் லாகின் திரை வந்து நிற்கும். ரீஸ்டார்ட்டில் இந்தச் சிக்கல் இல்லை. அதனால் ரீஸ்டார்ட் கொடுத்து, திரை கறுத்ததும் கீயை மீண்டும் மீண்டும் தட்டிக்கொண்டே இருங்கள்.

அதைவிடச் சுலபமான வழி, ஷிஃப்ட் கீயைப் பிடித்துக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுப்பது. நீலத் திரை வரும். அதில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், யூஇஎஃப்ஐ (புது வகை பயாஸ்) ஃபர்ம்வேர் செட்டிங்ஸ் என்று போனால் பயாஸ் தானாகத் திறக்கும். உங்களுக்கு வேண்டியது பென்டிரைவ் பூட், அதாவது பென்டிரைவிலிருந்து கணினியைத் துவக்குவது மட்டும்தானே? அதே நீலத் திரையில் 'யூஸ் எ டிவைஸ்' இருக்கிறதா பாருங்கள், இருந்தால் பயாஸ் பக்கமே போக வேண்டாம். யூஇஎஃப்ஐக்கு முந்தைய பழைய லெகசி முறையில் விண்டோஸ் போட்ட கணினியில் இந்த இரண்டும் வராது.

கீயும் கம்பெனிக்கு ஒன்று. டெல்லில் எஃப்2 பயாஸுக்கு, எஃப்12 பூட் மெனுவுக்கு. எச்பியில் எஃப்10, எஃப்9. லெனோவா லேப்டாப் பலவற்றில் பக்கவாட்டில் ஊசித்துளை மாதிரி நோவோ பட்டன் இருக்கும், அணைத்த நிலையில் அதை அழுத்தினால் பயாஸ், பூட் மெனு இரண்டுக்கும் வழி காட்டும். அசெம்பிள்டு என்றால் பெரும்பாலும் டெலீட் கீதான். பூட் மெனுவுக்கு கிகாபைட்டில் எஃப்12, எம்எஸ்ஐயில் எஃப்11. லேப்டாப்பில் எஃப்2 தட்டினால் வெளிச்சம்தான் கூடிக் குறைகிறதா? எஃப்என் கீயையும் சேர்த்து அழுத்துங்கள்.

டெஸ்க்டாப்பில் அடுத்து நான் பார்ப்பது கீபோர்டை. பவர் போட்டதும், லோகோ வரும் முன்பு, நம் லாக் (Num Lock) விளக்கு ஒருமுறையாவது மின்னுகிறதா? விண்டோஸ் வந்த பிறகுதான் எரிகிறது என்றால் பயாஸுக்கு அப்படி ஒரு கீபோர்டு இருப்பதே தெரியவில்லை. புளூடூத், ஹப் எல்லாம் வேண்டாம். சாதாரண வயர் கீபோர்டை கேபினெட்டின் பின்பக்கம், கறுப்பு யூஎஸ்பி போர்ட்டில் நேராகச் செருகுங்கள்.

லோகோவிலேயே உறைந்து நிற்பது வேறு கதை. காவேரிப்பட்டணம் மாங்காய் மண்டி ஒன்றின் கணக்குக் கணினி அப்படித்தான் வந்தது. "போர்டு மாத்தணும்னு சொல்லிட்டாங்கண்ணா" என்று மண்டிப் பையன் முகம் வாடி நின்றான். டெலீட் தட்டினால் லோகோ, அதற்கு மேல் அசைவில்லை. உள்ளே இரண்டாவதாகப் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்று டிக் டிக் என்றது. அதன் சாட்டா கேபிளைப் பிடுங்கியதும் பயாஸ் திறந்துவிட்டது. செட்டப்புக்குள் போகும்போது பயாஸ் எல்லா டிரைவையும் கூப்பிட்டுப் பார்க்கும், பதில் சொல்லாத டிஸ்க் இருந்தால் அங்கேயே நின்றுவிடும். அதனால் பிரிண்டர், கார்டு ரீடர், கூடுதல் டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

பெங்களூரு ஆபீஸ்களில் ஓடி முடிந்து நம் பக்கம் வரும் செகண்ட் ஹேண்ட் மெஷின் என்றால், பயாஸ் பாஸ்வேர்டு கேட்கலாம். லேப்டாப்பில் பேட்டரியைக் கழற்றினாலும் பொதுவாக அது போகாது. வாங்கும்போதே கடையிலேயே பயாஸைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

எதற்கும் மசியாத டெஸ்க்டாப்பில் சிமாஸ் கிளியர் பண்ணலாம், அதாவது பயாஸின் செட்டிங்ஸை அழித்துப் பழையபடி ஆக்கலாம். பவர் வயரைப் பிடுங்கி, மதர்போர்டில் நாணயம் மாதிரி இருக்கும் சிஆர்2032 பேட்டரியை எடுத்து, பவர் பட்டனைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்து, கொஞ்சம் பொறுத்து மறுபடி போடுங்கள். ஆனால் டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் ஆனில் இருந்தால், 48 இலக்க ரெகவரி கீ கையில் இல்லாமல் இதைத் தொடவே தொடாதீர்கள். அந்தக் கீ பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் இருக்கும்.