பழைய உருவப்பட அச்சு: தகட்டிலிருந்து எடுத்ததா, நகலா?

பாரிசில் வசிக்கும் வாசகர் ஒருவர், பழைய புத்தகக் கடையில் சட்டமிட்ட அச்சுப்படம் ஒன்றை வாங்கியிருக்கிறார். ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் 1892-இல் எட்சிங் முறையில் படைத்த, பிரெஞ்சு அறிஞர் எர்னெஸ்ட் ரெனானின் உருவப்படம் அது. அசல் தகட்டிலிருந்து எடுத்ததுதானா என்று எப்படி அறிவது என்பது அவர் கேள்வி.

முதலில் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும்வரை எதையும் உறுதிப்படுத்த இயலாது. எட்சிங் முறை இதுதான்: மெழுகும் பிசினும் கலந்த பூச்சைச் செப்புத் தகட்டில் பரப்பி, ஊசியால் அதைக் கீறி வரைந்து, தகட்டை அமிலத்தில் இட்டால், கீறிய இடங்களில் மட்டும் செம்பு அரிக்கப்படும். மெல்லியதாக நிற்க வேண்டிய கோடுகளை வார்னிஷ் பூசிக் காத்துவிட்டு மற்றவற்றை மேலும் அரிக்க விடுவதால், ஒரே தகட்டில் ஆழங்கள் வேறுபடுகின்றன. அக்குழிகளில் மை நிரப்பி, ஈரத்தாளை வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தும்போது, தாள் குழிக்குள் புகுந்து மையை எடுத்துக்கொள்கிறது.

ஆகவே பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தால், கருமையான கோடுகளில் மை சற்றே மேடிட்டுத் தெரிய வேண்டும். பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியில் ஒழுங்கான புள்ளிகள் தென்பட்டால், அது புகைப்பட வழியில் அச்சான நகல். மேற்கொண்டு ஆராய வேண்டியதில்லை. சோர்ன் வெளிவரையை அழுத்தி வரையாமல், நீண்ட சாய்கோடுகளை அடுக்கியே உருவத்தை எழுப்பியவர் என்பதால், இச்சோதனைக்கு அவருடைய படங்கள் மிகவும் ஏற்றவை.

தாளில் தகட்டின் விளிம்பு பதிந்திருப்பதை மட்டும் சான்றாகக் கொள்ளாதீர்கள் என்று வலியுறுத்துவேன். ஹீலியோகிராவ்யூர் (படத்தைப் புகைப்பட வழியில் தகட்டில் அரித்தெடுக்கும் முறை) நகல்களும் செப்புத் தகட்டிலிருந்தே அச்சாவதால், அவற்றிலும் அத்தடமும் மேடிட்ட மையும் இருக்கும். அங்கே, அருங்காட்சியகப் பிரதியின் தெளிவான படத்தோடு கோடு கோடாக ஒப்பிடுவதே வழி. நகலில் நுண்கோடுகள் தடித்தோ அறுந்தோ போயிருக்கும். தகட்டுத் தடத்தையும் அளந்து, அருங்காட்சியகப் பட்டியலில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். ஈரத்தாள் உலரும்போது சுருங்குவதால் சில மில்லிமீட்டர் வேறுபடலாம். பென்சில் கையொப்பம் ஆறுதல் தரும், ஆனால் அதைப் பின்னர் எவரும் இட முடியும்.

எது தெரியவந்தாலும் தாளின் ஓரத்தை வெட்டவோ, பசைநாடா ஒட்டவோ, லேமினேஷன் செய்யவோ வேண்டாம். பின்னட்டையில் ஒட்டியிருந்தால் பிய்க்காமல், தாள் பாதுகாப்பு வல்லுநரிடம் கொடுங்கள்.