இடித்தது உடனே தெரிகிறது, வலி ஏன் பின்னால் வருகிறது?

கேள்வி: கால் விரலை நாற்காலியில் இடித்துக்கொண்டால், பட்டது அந்தக் கணமே தெரிகிறது. உயிர் போகிற வலி மட்டும் ஒரு நொடி கழித்து வருகிறது. நரம்புத் தளர்ச்சியாக இருக்குமோ?

பதில்: பயப்படாதீர்கள், எல்லோருக்கும் இப்படித்தான். தொடுவுணர்வுக்கும் வலிக்கும் தனித்தனி நரம்பிழைகள். அவற்றின் வேகமும் வேறு வேறு.

சும்மா இருக்கும் நரம்பு செல்லின் உட்புறம், வெளிப்புறத்தைவிட சுமார் 70 மில்லிவோல்ட் எதிர்மின் நிலையில் இருக்கும். தூண்டல் போதிய அளவை எட்டியதும் செல் சவ்விலுள்ள சோடியம் வாயில்கள் சட்டென்று திறக்கும். சோடியம் அயனிகள் உள்ளே பாய, அந்த இடம் நேர்மின் நிலைக்கு மாறும். அப்புறம் பொட்டாசியம் வெளியேறிப் பழைய நிலை திரும்பும். ஓரிடத்தில் இதெல்லாம் ஒன்றிரண்டு மில்லிநொடியில் முடிந்துவிடும். அதற்குள் பக்கத்து வாயில்கள் திறந்திருக்கும். ஒருமுறை திறந்து மூடியவை உடனே மறுபடி திறக்காது. அதனால் இந்த மின் துடிப்பு, அதாவது நரம்பு கொண்டுபோகும் செய்தி, முன்னோக்கியே நகரும், வழியில் தேயவும் செய்யாது. பலமாக இடித்தாலும் ஒவ்வொரு துடிப்பும் அதே அளவுதான், எண்ணிக்கைதான் கூடும். பல் பிடுங்குமுன் போடும் மரப்பு ஊசி அடைப்பது இந்த சோடியம் வாயில்களைத்தான்.

இனி வேகம். தொடுவுணர்வு இழைகள் தடிமனானவை. மயலின் என்ற கொழுப்புறை சுற்றியவை. உறையின் இடைவெளிகளில் மட்டுமே துடிப்பு புதுப்பிக்கப்படுவதால் அது தாவித் தாவிப் போகும்: நொடிக்கு 35 முதல் 75 மீட்டர். மெல்லிய உறையுள்ள இழைகள் சுருக்கென்ற முதல் வலியைக் கொண்டுவரும்: 5 முதல் 30 மீட்டர். நீங்கள் சொல்லும் அந்தக் கடும் வலி வருவது உறையே இல்லாத மெல்லிய இழைகளில். அவற்றின் வேகம் அரை மீட்டரிலிருந்து 2 மீட்டர்தான். விரலிலிருந்து தண்டுவடத்துக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் தூரம். நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள், அந்த ஒரு நொடி சரியாக வரும்.

இடித்த இடத்தை உடனே தேய்த்துவிடத் தோன்றுகிறதே, அதிலும் பலன் உண்டு. தேய்க்கும்போது எழும் தொடுவுணர்வுத் துடிப்புகள் தண்டுவடத்தில் வலிச் செய்தியைக் கொஞ்சம் அடக்கும்.

ஆனால் இடித்ததே தெரியவில்லை, பாதம் மரத்துக் கிடக்கிறது, காரணமில்லாமல் எரிகிறது என்றால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரை நோய் இருந்தால், வலி இல்லாவிட்டாலும் பாதத்தில் காயம் இருக்கிறதா என்று தினமும் பார்த்துவிடுங்கள்.