சாவியைத் திருப்பினால் ‘டக் டக்’ மட்டும்தான்: கார் கேள்வி பதில்

கேள்வி: எங்களுடையது ஆறு வருடப் பெட்ரோல் கார். காலையில் சாவியைத் திருப்பினால் ‘டக்டக்டக்’ என்று வேகமாகச் சத்தம் வருகிறது, செல்ஃப் எடுப்பதில்லை. ஹெட்லைட் எரிகிறது, ஹார்னும் அடிக்கிறது. பேட்டரி மாற்றி இரண்டு மாதம்தான் ஆகிறது. மறுபடியும் பேட்டரி போய்விட்டதா?
– வாசகர், திருநெல்வேலி

பேட்டரி கடைக்குப் போகும் முன் பானெட்டைத் திறந்து, பேட்டரியின் இரண்டு முனைகளையும் கவ்வியிருக்கும் டெர்மினல் கிளாம்புகளைக் கையால் திருகிப் பாருங்கள். இம்மி அசைந்தாலும் முதலில் அதைத்தான் சரிசெய்ய வேண்டும். புது பேட்டரி போட்ட கையோடு பழைய கிளாம்பைச் சுத்தம் செய்யாமல் மாட்டிவிடுவது அடிக்கடி நடக்கிற தவறு.

லைட் எரிகிறதே என்பீர்கள். இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து இழுப்பது ஏறத்தாழ 9 ஆம்பியர். செல்ஃப் மோட்டாருக்கோ 100 ஆம்பியருக்கு மேல் வேண்டும். கிளாம்புக்கும் அது கவ்வும் பேட்டரி முனையான ஈயக் கம்பத்துக்கும் நடுவே பூத்துக் கிடக்கும் பொடியால் 0.05 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லைட்டுக்கு அதில் அரை வோல்ட்கூட இழப்பில்லை. செல்ஃப் அடிக்கும்போது மட்டும் 5 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். மிச்சமிருக்கும் 7 வோல்ட்டில், செல்ஃபுக்குக் கரண்ட் விடும் காந்த சுவிட்சான சொலினாய்டால் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. அது விட்டதும் வோல்டேஜ் ஏறும், மறுபடி இழுக்கும், மறுபடி விடும். நீங்கள் கேட்கும் ‘டக்டக்டக்’ இதுதான்.

வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் சந்தேகமே வேண்டாம். டிசி 20 வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை ஈயக் கம்பத்தின் தலையிலும் மற்றதை அதன் கிளாம்பிலும் வையுங்கள். நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு, இன்னொருவர் சாவியைத் திருப்பட்டும். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். 0.3, 0.5 என்று ஏறினால் இணைப்பு கெட்டிருக்கிறது. அதேபோல நெகட்டிவ் கம்பத்துக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவிலும் பாருங்கள். எர்த் ஒயர் துருப்பிடித்திருந்தால் அங்கே பிடிபடும்; பலரும் பார்க்காமல் விடுவது இந்த ஒயரைத்தான்.

சுத்தம் செய்ய, பெரும்பாலும் 10 எம்எம் ஸ்பேனர் போதும். நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். பாசிட்டிவை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி ஆப்பசோடா கலந்து ஊற்றினால் பொடி நுரைத்துக் கரையும். பேட்டரி மூடித் துளைகளுக்குள் மட்டும் போகக் கூடாது. துடைத்துவிட்டு உப்புத்தாளால் கம்பத்தையும் கிளாம்பின் உட்புறத்தையும் ஈயம் பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில். இறுக்கிய பிறகு மேலே வாசலைன் தடவுங்கள்.

இணைப்பெல்லாம் சரி, இன்னும் ‘டக்டக்’ என்றால் பேட்டரியில் சார்ஜ் இல்லை. இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே என்றால் இறங்கிவிட்டது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்டாவிட்டால், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள். அது சரியில்லாமல் எத்தனை பேட்டரி மாற்றினாலும் இதே கதைதான்.

கேள்வி: எனக்கு ஒரே ஒரு ‘டக்’ மட்டும் கேட்கிறது. நாலைந்து தடவை திருப்பினால் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. செல்ஃப் மோட்டாரையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?
– வாசகி, ஈரோடு

அவசரப்பட வேண்டாம். ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் நன்றாக மங்கினால் பேட்டரியையும் இணைப்பையும் மேலே சொன்னபடி பாருங்கள். மங்கவே இல்லையென்றால் மோட்டாருக்குள் கரண்ட் போகவில்லை. சொலினாய்டு இழுக்கிறது, அந்த ஒரு ‘டக்’ அதுதான். ஆனால் உள்ளே இருக்கும் இரண்டு செப்புக் கான்டாக்டுகள் கருகிக் குழி விழுந்திருக்கலாம், அல்லது மோட்டாரின் சுழலும் பகுதிக்குக் கரண்ட் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். செல்ஃபின் உடம்பில் மரக்கட்டையால் லேசாகத் தட்டியதும் ஸ்டார்ட் ஆனால் பிரஷ்மேல்தான் சந்தேகம். இரண்டையுமே தனியாக மாற்றலாம். நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் செல்ஃபைக் கழற்றிப் பிரித்துக் காட்டுவார். சுழலும் பகுதியான ஆர்மேச்சர் கருகியிருந்தால் மட்டும் முழு மோட்டாரை யோசியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மழைத்தண்ணீரில் ஓட்டி நின்றுபோன வண்டியில் இந்த ஒற்றை ‘டக்’ வந்தால் மறுபடி சாவியைத் தொடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் அது அமுங்காது; செல்ஃப் அடித்தால் பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம். வண்டியைக் கட்டி இழுத்துப் போய், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் எஞ்சினைச் சுழற்றிப் பார்க்க வேண்டும்.

கேள்வி: பக்கத்து காரிலிருந்து ஜம்ப் கேபிள் போடும் வரிசை எது?
– வாசகர், தஞ்சாவூர்

இரண்டு காரும் ஒன்றையொன்று தொடக் கூடாது. சிவப்பின் ஒரு முனை இறங்கிப்போன பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பு முதலில் நல்ல பேட்டரியின் மைனஸில். அதன் கடைசி முனை உங்கள் எஞ்சினின் பெயின்ட் இல்லாத இரும்பில், பேட்டரியை விட்டுத் தள்ளி. கடைசி இணைப்பில் பொறி பறக்கும், பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியும். அதனால்தான் இந்தத் தள்ளி வைப்பு. நல்ல காரை ஐந்து நிமிடம் ஓடவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்க வேண்டாம். கழற்றும்போது வரிசை தலைகீழ்.