எங்கள் இணையச் சொல் விளையாட்டுக் குழுவில் தொடர் போட்டி நடத்த நினைக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

நாற்பது பேர் இருக்கிறோம், ஆறு மாதம் தொடராக நடத்த ஆசை, நாக்அவுட் வைக்கலாமா, பரிசு தர வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள்தான் அட்மின், மற்ற முப்பத்தொன்பது பேரும் "சூப்பர், நடத்துங்க" என்று கட்டைவிரலைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். தப்பாக இருந்தால் மன்னியுங்கள். அநேகமாகத் தப்பாக இருக்காது.

நான் இரண்டு வருடம் நடத்தினேன். இப்போது நடத்துவதில்லை. ஏன் என்பது கீழே வரும். "தோற்றுப்போனவன் புலம்புகிறான்" என்று கருத்து போடக் காத்திருப்பவர்கள் அதுவரை பொறுக்கவும்.

கேட்டதற்கு முதலில் பதில்: நாக்அவுட் வேண்டாம். 40 பேர் என்றால் 39 ஆட்டத்தில் வேலை முடிந்துவிடும், அமைப்பாளருக்குச் சுகம்தான். ஆனால் இரண்டு சுற்று முடிவதற்குள் 24 பேர் வெளியே போயிருப்பார்கள், அவர்கள் அப்புறம் குழுவை எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். எல்லாரும் எல்லாரோடும் மோதுவது என்றால் 780 ஆட்டம், கனவில்கூட நடக்காது. செஸ்காரர்கள் 1895இல் ஜூரிக் போட்டியிலேயே இதற்கு வழி கண்டுவிட்டார்கள், அதனால்தான் அதற்குச் சுவிஸ் முறை என்று பெயர். யாரையும் வெளியேற்றுவதில்லை; ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய ஒரே புள்ளியில் இருப்பவர்களை மோதவிட வேண்டும், ஏற்கெனவே மோதியவர்களைத் திரும்பச் சேர்க்கக் கூடாது. ஆறு சுற்று, 120 ஆட்டம் போதும். டிரா இல்லாத விளையாட்டென்றால் ஆறாவது சுற்று முடியும்போது தோல்வியே இல்லாதவர் ஒருவருக்கு மேல் மிஞ்ச மாட்டார். ஒரே புள்ளியில் பலர் நின்றால், அவரவர் மோதிய எதிராளிகளின் புள்ளிகளைக் கூட்டிப் பார்த்து வரிசைப்படுத்துங்கள். இதற்குப் புக்ஹோல்ஸ் என்று பெயர். கடினமான ஆட்களோடு மோதியவர் மேலே வருவார், நியாயம்தானே.

நேரம். கெடு "ஞாயிறு இரவு 12 மணி" என்று ஒரு முறை போட்டேன். பாதிப் பேர் அதை ஞாயிறு தொடங்கும் நள்ளிரவு என்று எடுத்துக்கொண்டார்கள், மீதிப் பேர் ஞாயிறு முடியும் நள்ளிரவு என்று. இரு தரப்பினர் சொன்னதும் சரிதான், நான் எழுதியதுதான் கோளாறு. "ஞாயிறு 23:59, யுடிசி" என்று எழுதுங்கள், யுடிசி என்பது உலகப் பொது நேரம். குழுவில் அமெரிக்கா, ஐரோப்பா ஆட்கள் இருந்தால் மார்ச்சில் இன்னும் கவனம் வேண்டும்: அமெரிக்காவில் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பார்கள், ஐரோப்பாவில் கடைசி ஞாயிறு. நடுவில் உள்ள அந்த இரண்டு மூன்று வாரம் எந்தக் கணக்கும் ஒத்து வராது.

சரி, இனி என் கதை.

எங்கள் விளையாட்டு எளிமையானது. ஓர் எழுத்து வரிசை கொடுக்கப்படும், உதாரணமாகக் க வரிசை. இரண்டு நிமிடத்துக்குள் அதில் தொடங்கும் சொற்களைத் தட்டிக்கொண்டே போக வேண்டும். சொல்லில் எத்தனை எழுத்தோ அத்தனை புள்ளி. ஒரு பாட் (தானாக இயங்கும் நிரல்) சொற்பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துப் புள்ளி போடும். அந்தப் பட்டியலைக் குழுவில் ஏழெட்டுப் பேர் பங்கு போட்டுக்கொண்டு தட்டச்சு செய்திருந்தோம். ஐந்து போட்டிகள் கொண்ட தொடர், நான்கின் மொத்தத்தில் முதல் எட்டு இடத்தில் இருப்பவர்கள் ஐந்தாவதான இறுதிப் போட்டிக்குப் போவார்கள்.

நான்காவது போட்டியின் கடைசிக்கு முந்தைய சுற்று. பெயர் வேண்டாம், ஒருவரை அக்கா என்கிறேன், குழுவில் எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். எதிரில் ஆடியவர் ஒரு தம்பி, அவரும் நல்ல ஆட்டக்காரர். முடிவு 63க்கு 61, தம்பிக்கு வெற்றி. நானும் அடுத்த சுற்றுக்கு ஜோடி அறிவித்துவிட்டேன்.

மறுநாள் அக்கா ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். இருவருமே கௌதாரி என்று எழுதியிருக்கிறார்கள். தம்பிக்கு 4 புள்ளி, அக்காவுக்கு "சொல் பட்டியலில் இல்லை" என்று சுழியம். நானும் பத்து முறை பார்த்தேன், இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன. அப்புறம் பெரிதாக்கிப் பார்த்தால் தம்பி எழுதியிருந்தது "கெளதாரி". அதாவது கெ, அதன் பக்கத்தில் ளகரம். கெ, ள, தா, ரி என்று நான்கு எழுத்து. அக்கா சரியாகக் கௌ போட்டிருந்தார். கௌ, தா, ரி, மூன்றுதான். எங்கள் பட்டியலைத் தட்டச்சு செய்தவர்களில் யாரோ ஒருவர் ளகரத்தைப் போட்டு வைத்திருக்கிறார், அதனால் பாட் பிழையை ஏற்றுக்கொண்டு சரியைத் தள்ளிவிட்டது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு, தமிழில் விளையாட்டு எழுதுகிற யாருக்கும் பயன்படும் என்பதால் சொல்கிறேன். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடில் கொ, கோ, கௌ எல்லாவற்றையும் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும்: க-வுக்கு அடுத்து ஒரே குறியாக, அல்லது இடப்பக்கக் கொம்பும் வலப்பக்கத் துண்டும் தனித்தனிக் குறியாக. திரையில் கடுகளவும் வித்தியாசம் தெரியாது, நிரலுக்கு இரண்டும் வேறு வேறு சொல். ஒப்பிடுவதற்கு முன் நார்மலைஸ் செய்தால், அதாவது எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டால், இது தீர்ந்துவிடும். ஆனால் ளகரம் போட்ட கோளாறு அதற்கும் தீராது, ஏனென்றால் அது நிஜமாகவே வேறு எழுத்து. பட்டியலில் கெள, செள, மெள என்று தேடித் தேடித்தான் பார்க்க வேண்டும். வெறுமனே மாற்றிவிடவும் முடியாது. கெளிறு என்ற மீனும் மெள்ள என்ற சொல்லும் ளகரத்தோடுதான் வரும்.

இருவருக்கும் தலா 3 புள்ளி போட்டால் அக்கா 64, தம்பி 62. முடிவே தலைகீழாகிறது. மாற்றினேன். இன்றைக்குக் கேட்டாலும் மாற்றியது சரி என்றுதான் சொல்வேன்.

ஆனால் நானும் அந்தத் தொடரில் ஆடிக்கொண்டிருந்தேன். நான்கு போட்டியும் முடிந்து மொத்தம் கூட்டியபோது, அந்த மாற்றத்தால் தம்பி ஒன்பதாம் இடத்துக்கு இறங்கியிருந்தார், ஒன்பதில் இருந்திருக்க வேண்டிய நான் எட்டில் இருந்தேன். இறுதிப் போட்டிக்கு அவர் இல்லை, நான் உண்டு. முடிவை மாற்றும்போது இதை நான் கணக்குப் போட்டுப் பார்க்கவே இல்லை, நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்கள் அன்றைக்கே பதினோரு பேர் இருந்தார்கள். "அடுத்த சுற்று அறிவித்த பிறகு பழைய முடிவை மாற்றலாம் என்று எந்த விதியில் இருக்கிறது?" என்று ஒருவர் கேட்டார். எந்த விதியிலும் இல்லை. மாற்றக் கூடாது என்றும் இல்லை. விதியே இல்லை, எல்லாம் என் தலைக்குள் இருந்தது. நான் விலகி அந்த இடத்தைத் தம்பிக்கே கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை, வீம்பு. இறுதிப் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே தோற்றேன். தம்பி ஒன்பது பேரைக் கூட்டிக்கொண்டு போய்த் தனிக் குழு தொடங்கினார்.

அந்த வாரம் எனக்கு வந்த புகார்களில் முக்கால்வாசி குரல் பதிவு. தட்டச்சு வேகத்தையே விளையாட்டாக வைத்திருக்கும் குழுவில், இரண்டு நிமிடத்தில் இருபது சொல் தட்டுகிறவர்கள், புகார் என்றால் மட்டும் ஆறு நிமிடம் பேசி அனுப்புகிறார்கள். அதில் முதல் ஒரு நிமிடம் "வணக்கம், நல்லா இருக்கீங்களா, தப்பா எடுத்துக்காதீங்க". நடுவில் பிரஷர் குக்கர் விசில் வேறு. எந்த ஆட்டம், எந்தச் சொல் என்பது ஐந்தாவது நிமிடத்தில் வரும், அதையும் யாரோ கதவைத் தட்டுவதால் கேட்க முடியாது. குரல் பதிவைத் தேட முடியாது, மேற்கோள் காட்ட முடியாது. எழுத வராதவர்கள் அனுப்பினால் புரிகிறது, இவர்கள் எல்லாம் சொல் விளையாட்டுக்காரர்கள் ஐயா.

சரி, உங்களுக்கு வருகிறேன். நடத்துகிறவர் ஆடக் கூடாது. ஆடியே தீர வேண்டுமென்றால், உங்கள் இடத்தைப் பாதிக்கும் தீர்ப்பு எதையும் நீங்கள் சொல்லக் கூடாது, அதற்கு மூன்று பேரை முதல் சுற்றுக்கு முன்பே நியமித்துவிடுங்கள். முறையீட்டுக்குக் கெடு வையுங்கள், அடுத்த ஜோடி அறிவிக்கும் வரை என்று. எந்த அகராதி என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி என்றால் அது 1924 முதல் 1936 வரை வெளிவந்தது, நேற்று வந்த சொல் எதுவும் அதில் இருக்காது. புதிய அகராதி மட்டும் என்றால் இலக்கியம் படித்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். எதை வைத்தாலும் சண்டை உண்டு, எது என்று தெரிந்த சண்டையாக இருக்கட்டும். தலைச்சொல் (அகராதியில் தனிப் பதிவாக வரும் சொல்) மட்டுமா, வந்தான் வந்தாள் வந்தார்கள் எல்லாம் தனித்தனிச் சொல்லா என்பதையும் எழுதுங்கள். இல்லையென்றால் ஒரு வினையை வைத்தே ஒருவர் இரண்டு நிமிடத்தையும் ஓட்டிவிடுவார், எங்களிடம் ஓட்டினார்.

ஏமாற்று பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் வரும். அரிய சொல் எழுதினாலே அகராதியைத் திறந்து வைத்திருக்கிறார் என்று முடிவு கட்டாதீர்கள். நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் (எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் விளையாட்டு) உலகப் பட்டத்தை வென்றபோது அவருக்குப் பிரெஞ்சு பேசவே வராது, சொற்களை மனப்பாடம் செய்துவிட்டுப் போனார். அப்படியும் மனிதர்கள் உண்டு.

பரிசு: பணம் வேண்டாம், பணம் வந்தால் மேலே சொன்ன சண்டையெல்லாம் பத்து மடங்காகும். சான்றிதழ் போதும். எங்கள் தொடரை அந்த அக்காதான் வென்றார், அவர் பெயர் சௌ என்று தொடங்கும். குழுவில் டிசைன் தெரிந்த ஒரு பையன் அழகாகச் செய்து கொடுத்தான், நானும் சரிபார்க்காமல் அனுப்பிவிட்டேன். ஐந்து நிமிடத்தில் அக்காவிடமிருந்து பதில் வந்தது. சான்றிதழில் பெயரை மட்டும் வெட்டி ஒட்டி, கீழே ஒரே வரி: "இதில் எத்தனை எழுத்து தம்பி?"